சலவைக்குப் போட்ட குணம்

எங்கள் ஊரில் குணத்தை மாதம் ஒரு முறை சலவைக்குப் போடுவோம். செவ்வாயன்று போட்டால் வெள்ளியன்று கிடைக்கும். இடையில் மூன்று நாள் குணமில்லாமல்தான் நடமாடுவோம். அலுவலகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

போன மாதம் எனக்கு மாறி வந்துவிட்டது. தெரியாமல் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி பூங்கோதை காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் சொல்லாத வார்த்தை. அவள் எதிரில் உட்கார்ந்து, தான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அன்று நடந்ததை முக்கால் மணி நேரம் சொன்னாள். நான் நடுவில் ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"மாத்த வேண்டாங்க, இதுவே இருக்கட்டும்" என்றாள் பூங்கோதை. கண் கலங்கியிருந்தது.

ஆனால் அந்தக் குணத்தில் நேர்மையும் சேர்ந்து தொலைத்திருந்தது. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. மறுநாள் காலை சலவைக்கடைக்குப் போனேன்.

"இது தபால் ஆபீஸ் தணிகாசலம் சாரோடது. உங்களுது எப்படி இருக்கும்? அடையாளம் சொல்லுங்க" என்றார் கடைக்காரர் ராயப்பன்.

என் குணம் எனக்குத் தெரியாதா? ஒரு அலமாரி நிறைய மனோதத்துவப் புத்தகம் படித்தவன் நான். என்னை நானே ஆராய்ந்து நான்கு நோட்டு எழுதியிருக்கிறேன். கையோடு கொண்டுபோயிருந்த நோட்டிலிருந்து வாசித்தேன்: "ஆழமானது. மென்மையானது. அதிகம் பேசாதது."

"அந்த மாதிரி ஒண்ணு நம்ம கடைக்கு வந்ததே இல்ல சார்."

மூலையிலிருந்து ஒன்றை எடுத்து விரித்தார். சின்னது, மொடமொடவென்று இருந்தது. 'நான் அப்பவே சொன்னேன்' என்று கழுத்துப் பட்டையில் கறை. "அழுக்கு போகும் சார், சாயம் போகுமா? பாக்கெட் நிறைய அடுத்தவங்க குறை. ஒவ்வொரு தடவையும் காலி பண்ணிட்டுத்தான் தண்ணில போடுவேன்" என்றார். உள்பக்கம் மையால் எங்கள் வீட்டுக் குறி போட்டிருந்தது.

"என்னுடையதுதான்" என்று ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. பூங்கோதையை நினைத்தால் அழுகை வந்தது. எல்லாம் தணிகாசலம் குணத்தின் கோளாறு.

அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னுடையதை மாட்டினேன். மாட்டியதுமே தெளிவு பிறந்தது. இது என்னுடையதே இல்லை. குறி போடும் முறையே தப்பு என்று ராயப்பனிடம் அரை மணி நேரம் விளக்கினேன்.

வீட்டில் பூங்கோதை காபி கொடுத்தாள். "சர்க்கரை ஜாஸ்தி" என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மாதம் ஆகும் முன்பே, அடுத்த செவ்வாய் அவளே சலவைக்குப் போட்டாள். குணத்தை என்னிடமிருந்து கழற்றவில்லை. என்னையும் சேர்த்து நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

இன்றோடு மூன்று வெள்ளி ஆகிவிட்டது. கடையில் இரண்டாவது கம்பியில் தொங்குகிறேன். ராயப்பன் இஸ்திரி போடும் விதம் சரியில்லை; தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பூங்கோதை இந்தப் பக்கமே வரவில்லை. ரசீதை எங்கேயாவது தொலைத்திருப்பாள். அவள் குணம் எனக்குத் தெரியாதா?