நான்கு மீட்டர் மேகம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை என் மனைவி லோகப்பிரியாவிடமிருந்து திருடினேன். அவள் திரள்மேகங்களைக் கணினிக்குள் வளர்க்கும் ஆராய்ச்சியாளர். அவளுடைய கணினி மேகத்துக்குள் காற்று நொடிக்கு நான்கு மீட்டர் மேலேறுகிறது. கருமத்தம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்து மொட்டைமாடியில் அவள் வைத்திருக்கும் கருவியோ, நிஜ மேகங்களை அளந்து, சராசரி இரண்டுதான் என்கிறது. திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்று வருட உழைப்பு போச்சு.

2
முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கொங்கு வானில் கரிய மேகங்கள் கவலையோடு' [அடித்துவிட்டேன். கவலை எங்கள் வீட்டில்தான் இருந்தது.]

அடுத்த வரைவில், மாடிக்குச் சொந்தக்காரரான கோமளா அக்காவை வில்லியாக்கினேன். கருவியின் பதிவில் அங்கங்கே இடைவெளி இருந்ததே, அவர்தான் அணைத்துவிடுகிறார் என்று! "கரண்டு போயிருக்குமுங்க" என்று லோகா அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

3
சனிக்கிழமை மதியம் நேரில் போனோம். மேற்கே ஒரு மேகம் காலிஃப்ளவர் மாதிரி பொங்கியது. (உவமை மலிவுதான், ஆனால் அப்படியேதான் இருந்தது.) கோமளா அக்கா மூச்சிரைக்கப் படியேறி வந்தார், கையில் தார்ப்பாய்.

"என்னங்க்கா பண்றீங்க?"

"பெரிய மேகமா வந்தா மூடிப்போடுவேன் அம்மணி. நம்மள நம்பி வெச்ச பொருளு, நனைய உடலாமா?"

"எப்ப இருந்துங்க?"

"வெச்ச நாள்ல இருந்து. ஒரு நா தவறுனதில்ல."

அதாவது, பதிவில் இருந்த இடைவெளிகளெல்லாம் தார்ப்பாய் மூடிய நேரங்கள்; கருவி இதுவரை பார்த்ததெல்லாம் குட்டி மேகங்கள் மட்டும். லோகா தண்ணீர்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்து சிரித்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது. நல்ல மனசு இப்படியும் குழி பறிக்குமா?

4
முடிவு அ: லோகா உடைத்துச் சொல்ல, அக்கா மனம் நொந்து [வேண்டாம்.]

முடிவு ஆ: லோகா வாயே திறக்காமல், கணினியின் நான்கை இரண்டாகக் குறைத்து [அவளைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.]

நடந்தது இது:

"நனையட்டுங்க்கா. மழையத் தாங்கற மெஷினுதானுங்க. எனக்குப் பெரிய மேகந்தான் வேணும்."

"அடக் கண்ணு, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

முதல் துளி விழுந்தது. அக்கா தார்ப்பாயை விரித்து லோகாவின் தலைக்கு மேல் பிடித்தார். "அது நனையட்டும். நீ நனையாத."

லோகாவின் மடிக்கணினியில் எண் ஏறத் தொடங்கியது. ஒரு மேகம் ஆய்வேட்டுக்குப் போதாது. ஆனால் ஆய்வு வழிகாட்டியிடம் இன்னொரு மழைக்காலம் அவகாசம் கேட்கப் போதும்.

நான்கு என்று எழுத என் கை துடிக்கிறது. ஆனால் அது என் கணிப்பு, நான் பார்த்ததல்ல. தார்ப்பாய்க்கு அடியில் இரண்டு பேருக்குத்தான் இடம். நான் வெளியே நின்றேன், என் மூக்குக்கண்ணாடி முழுக்க மழை. நீங்கள் நனையாமல்தானே இருக்கிறீர்கள்? கொஞ்சம் எட்டிப் பார்த்து, திரையில் என்ன எண் என்று சொல்லுங்கள்.