தண்ணியில ஏதுங்க கோடு?

பாய்மரப் படகுப் போட்டியின் கடைசிப் பந்தயத்தில் பதினேழாம் எண் படகு முதலில் வந்தது. படகுச் சங்கத் தலைவர் கரையில் நின்று கைதட்டி ஓய்வதற்குள் அறிவிப்புப் பலகையில் முடிவை ஒட்டிவிட்டார்கள். முதலிடத்தில் ஒன்பதாம் எண். பதினேழு கடைசி வரியில் கிடந்தது, 'தொடக்கக் கோட்டை முன்னதாகத் தாண்டியது' என்ற குறிப்போடு.

குறிப்பு எழுதியவள் தலைவரின் மச்சினி. பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'ஸ்கேல்'. நடுவர் படகின் கொடிக்கம்பத்துக்குப் பின்னால் நின்று, எதிரே மிதக்கும் ஆரஞ்சு மிதவையைக் கண் இமைக்காமல் பார்ப்பது அவள் வேலை. கம்பத்துக்கும் மிதவைக்கும் நடுவில் இருப்பதுதான் கோடு. ஹாரன் அடிக்கும் முன் எந்தப் படகின் மூக்காவது அதைத் தாண்டினால் எண்ணைச் சொல்வாள், கொடி ஏறும், அந்தப் படகு திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். பதினேழு திரும்பவில்லை.

பதினேழை ஓட்டியவன் தலைவரின் மகன், அவளுக்கு அக்கா பிள்ளை. முப்பது வயது. அப்பா தேர்ந்தெடுத்த படகு, அப்பா தேர்ந்தெடுத்த தொப்பி.

"ஏம்மா, இத்தனை படகு இருக்க, உன் அக்கா பிள்ளைதான் உன் கண்ணுல பட்டானா?" என்றார் தலைவர்.

"அவன் மட்டும்தான் தாண்டினான் அத்தான்."

"எவ்வளவு?"

"அரைப் படகு நீளம்."

"அரைதானே?"

அவர் நேரே மேல்முறையீடு எழுதப் போனார்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைமை ஒரு பல் டாக்டர். மற்ற இருவரும் தலைவர் சிரித்தால் சிரிப்பவர்கள், தும்மினால் கைக்குட்டை தேடுபவர்கள். மகன் ஓரமாக உட்கார்ந்திருக்க, அப்பாவே வாதாடினார். மேஜைமேல் பேனா மூடிகளைப் படகுகளாக அடுக்கினார். அவர் அடுக்கியதில் பதினேழு எப்போதும் பின்னாலேயே நின்றது.

"ரோட்டுலன்னா பெயின்ட் அடிப்பாங்க. தண்ணியில ஏதுங்க கோடு?" என்றார்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மிதவை கொஞ்சம் நகர்ந்திருக்கலாமோ?"

"நகர்ந்தா கோடும் சேர்ந்துதான் நகரும் டாக்டர்," என்றாள் ஸ்கேல். "அது எங்க இருக்கோ அங்கதான் பார்க்கறேன்."

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. கோடு சந்தேகத்துக்கு இடமான நிலையில் இருந்ததால் பந்தயம் ரத்து. மூன்று மணிக்கு மறுபடி ஓட்ட வேண்டும். ஆக, குற்றவாளி கோடுதான். கோட்டைக் கவனிக்கும் பொறுப்பு இந்த முறை தலைவருக்கே, அனுபவம் கருதி.

ஜெயித்திருந்த ஒன்பதாம் எண் ஒரு நர்ஸ். இரவு வேலை முடித்து நேராக வந்தவள். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஈர ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தக் கம்பத்துக்குப் பின்னால் நின்ற ஸ்கேலைப் அதே படகில் ஒரு பெட்டிமேல் உட்கார வைத்து, நேரம் குறிக்கச் சொன்னார்கள். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தலைவர் கம்பத்துக்குப் பின்னால் நின்றார், கையில் வாக்கி டாக்கியோடு. மிதவையைப் பார்க்க வேண்டிய கண் மகனின் தொப்பியை விட்டு அகலவில்லை. ஹாரன் அடிப்பதற்கு இரண்டு நொடி முன்பே பதினேழு பாய்ந்துவிட்டது, இந்த முறை முழுப் படகு நீளம்.

"யாராவது தாண்டினாங்களா?" என்று கேட்டார் நடுவர் படகின் பொறுப்பாளர்.

"எல்லாம் சுத்தம்," என்றார் தலைவர். கொடி ஏறவில்லை.

ஆனால் பதினேழு வேகம் குறைந்து வளைந்தது. தலைவருக்குப் பதற்றம். "ஏன்டா திரும்பற? கொடி போடலடா, போ."

"தாண்டிட்டேன்ப்பா," என்றான் மகன், நடுவர் படகை ஒட்டி வந்தபடி.

"அதை நான்தானே சொல்லணும்? யாரும் பார்க்கல, போடா."

வாக்கி டாக்கியின் பொத்தானை அவர் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது. கரையில் டாக்டரின் மேஜையில் இருந்த ஸ்பீக்கரில் அத்தனையும் தெளிவாக ஒலித்தது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கூட்டமும் கேட்டது. ஒருவர் சிரித்தார். கைக்குட்டைக்காரர்கள் இருவரும் ஷூ லேஸ் கட்டக் குனிந்தார்கள்.

மகன் திரும்பிக் கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி கிளம்பினான். பத்தொன்பது படகில் பதினாறாவதாக வந்தான். நர்ஸ் மறுபடியும் முதலிடம். இந்த முறை மேல்முறையீடு எழுத யாரும் வரவில்லை.

சாயங்காலம் பலகையில் புது அறிவிப்பு ஒன்றைத் தலைவரே ஒட்டினார். போட்டியாளர்களின் உறவினர்கள் அடுத்த வருடம் முதல் நடுவராக இருக்கக் கூடாது.

ஸ்கேல் நிதானமாகப் படித்தாள். "இது உங்களுக்கும் சேர்த்துத்தானே அத்தான்?"

"பசை சரியா ஒட்டல," என்று காகிதத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் நகர்ந்தார்.

படகுத் துறையில் மகன் சொட்டச் சொட்ட நின்றிருந்தான். "சித்தி, காலையில கொடி ஏறினதைப் பார்த்தேன்."

"தெரியும்."

"அப்பா கரையில கைதட்டிட்டே நின்னாரு. திரும்ப மனசு வரல."

அவள் அவனைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. படகின் ஈரப் பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையை அவனிடம் நீட்டினாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.