குட்டைக் கோடு

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, செல் வளர்க்கிற இன்குபேட்டரைத் திறந்தேன். உள்ளே இரண்டே தட்டுகள். மத்தியானம் இரண்டு மணிக் கூட்டத்தில் என் ஆய்வைத் தொடர்வதா, இழுத்து மூடுவதா என்று எங்கள் தலைவி க்வெண்டா முடிவெடுப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். என் நான்கு வருட உழைப்பும் அந்த இரண்டு தட்டுகளில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். சினைப்பைப் புற்றுச்செல் ஒரே மரபணுச் செய்தியை இரண்டு விதமாக வெட்டி ஒட்டும். நீளமாக ஒட்டினால் கீமோ மருந்துக்கும் சாகாது. குட்டையாக ஒட்டினால் செத்துவிடும். எங்கே வெட்டுவது என்று உத்தரவு போடுவது ஒரு நொதி. அதைத் தடுத்தால் குட்டைச் செய்தி கூடுகிறது, அதுவரை ஏற்கெனவே நிரூபித்தாயிற்று. அப்போது கீமோ மறுபடி பலிக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு தட்டுக்கு வெறும் கீமோ. இன்னொன்றுக்குக் கீமோவோடு அந்த நொதியைத் தடுக்கும் மருந்தும் விட்டிருந்தேன்.

நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் தலைகீழ்! ‘வெறும் கீமோ’ தட்டில் செல்கள் கொத்துக்கொத்தாகச் செத்து மிதந்தன. மற்றதில் ஜாம்ஜாமென்று வளர்ந்திருந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடமாக வெறும் கீமோவுக்கு அசையாத செல்கள் இன்றைக்கு மட்டும் எதற்குச் சாகவேண்டும்?

“ஃபெட்டு! நேத்து இந்தத் தட்டைத் தொட்டியா?”

பக்கத்து மேசை ஃபெட்டு, ரக்பி ஆடுகிற சமோவாக்காரன், நிதானமாகத் திரும்பினான். “போட்டோ எடுத்தேன். மூடியில ஆவி படிஞ்சிருந்துச்சு, ரெண்டையும் கழட்டி மாட்டினேன். ஏன், அடியில பேரு எழுதியிருப்பியே?”

தூக்கி அடியைப் பார்த்தேன். மொட்டை. மூடியில் மட்டும் நீல மையில் என் கோழிக் கிறுக்கல். இதே தப்புக்கு ஆய்வகத்தில் அத்தனை பேரையும் வறுத்தெடுக்கிறவள் நான்!

“அய்யய்யோ ப்ரையனி! தப்பு பண்ணினவங்கதான் லாமிங்டன் கேக் வாங்கணும். ரெண்டு டஜன்!”

“வாயை மூடிட்டு வாடா. ஆர்.என்.ஏ. எடுக்கணும்.”

மூடி மாறியிருந்தால் ஜெயித்தேன். மாறாவிட்டால் நான்கு வருடமும் குப்பை. தடுப்பு மருந்து எந்தத் தட்டில் இருந்தது என்று செல்களையே கேட்டுவிடலாம்; மருந்து பட்ட செல்லின் ஆர்.என்.ஏ.யில் குட்டைச் செய்தி கூடியிருக்கும். செத்த தட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்தோம். பிரிஸ்பேன் புழுக்கத்தில் ஏசியையும் மீறி வியர்த்தது. சாப்பாடு ஞாபகமே வரவில்லை.

இரண்டு மணிக்கு, செய்திகளை நீளவாரியாகக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லோடு இருட்டறைக்குள் நுழைந்தபோது க்வெண்டாவே தேடி வந்துவிட்டார்.

“பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் க்வெண்டா. பேரை மூடியில எழுதிட்டேன். மூடி மாறிப்போச்சு போல.”

“நீயா? போன மாசம் இதுக்கு என்னையே திட்டினியேம்மா!”

புற ஊதா விளக்கைப் போட்டேன். உயிரோடிருந்த தட்டுக்கு நீளக் கோடு. செத்த தட்டுக்குக் குட்டைக் கோடு, பளீரென்று! ஃபெட்டு கூவிய கூவலில் மாடியே அதிர்ந்திருக்கும். சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

க்வெண்டா மட்டும் சிரிக்கவில்லை. “மூடி மாறின சோதனையை நான் ஏத்துக்க மாட்டேன். தூக்கிப் போடு.”

“நாலு வருஷம், க்வெண்டா!” என்றேன்.

“திங்கட்கிழமை புதுசா ஆரம்பி. மூணு தடவை செஞ்சு காட்டு. மூடறதைப் பத்தின கூட்டம் இன்னிக்குக் கிடையாதுன்னு எல்லாருக்கும் நான் சொல்லிடறேன்.”

திங்கட்கிழமை வரை எவளால் பொறுக்க முடியும்? அவர் கதவைச் சாத்துவதற்குள் நான் புதுத் தட்டுகளை அடுக்கிவிட்டேன்.