பச்சைப் பொத்தான்

நாலு வருடமாக நானும் கால்வினும் ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். வீடியோ கேம் செய்ய உட்கார்ந்து, அதை முடிக்க முடியாமல் தவிக்கும் ஒருவனைப் பற்றிய கேம் அது. இதற்கென்று தனியாக எந்த ஆராய்ச்சியும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாம் மாடி வீடு. அவன் புரோகிராம் எழுதுவான், நான் படம் வரைவேன். கேமில் வரும் ஆளும் மூன்றாம் மாடியில்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு வேலையை முடித்தால் பட்டியலில் இரண்டு புது வேலைகள் முளைக்கும். அவனுக்கு ஒரு தோழி உண்டு. கதவைத் திறந்து ‘எப்ப முடியும்?’ என்று கேட்பாள், போய்விடுவாள். வேறு வசனமே அவளுக்குக் கிடையாது. வரைந்து முடித்த பிறகுதான் அவளுக்கு என் மூக்கை வைத்திருப்பது எனக்கே தெரிந்தது.

புதன்கிழமை கீழ்வீட்டு பேசில் அங்கிளைக் கூட்டிவந்து விளையாட வைத்தோம். அரை மணி நேரம் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

“கேம் எப்ப பா ஆரம்பிக்கும்?”

“இதான் கேம், அங்கிள்,” என்றான் கால்வின்.

“இது வேலை லா. முப்பது வருஷம் ரயில்வேல இதைத்தான் செஞ்சேன். அங்க சம்பளமாச்சும் குடுத்தான்.”

எழுந்து போய்விட்டார். கால்வினுக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா மாதவி, அவருக்குப் புரிஞ்சிருச்சு!”

பங்சாரில் வருடா வருடம் இந்த மாதிரிக் கிறுக்குக் கேம்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கும். இந்த வருடம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்து மணிவரை அனுப்பியதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு முடியாது. மூன்று வருடமாக நாங்கள் அனுப்பவில்லை. ஒரு வருடம் கேமில் வரும் மழைச் சத்தம் சரியில்லை என்றான் கால்வின். அடுத்த வருடம் மழையே வேண்டாம் என்றான். போன வருடம் மழை திரும்பி வந்தது, அவன் கடைசி நிமிடத்தில் கம்ப்யூட்டரை மூடிவிட்டான்.

இந்தத் தடவையும் தவறினால் கிள்ளானில் அக்கா புனிதாவின் பேனர் கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். ஆயுசு முழுக்கத் தீபாவளித் தள்ளுபடிக்கு விளக்கு வரைய வேண்டும். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

கேமின் கடைசி அறையில் ‘அனுப்பு’ என்று ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கதையில் வரும் ஆள் தன் கேமை அனுப்பிவிடுவான், ஆட்டம் முடிந்துவிடும். புதன் இரவு கால்வின் தூங்கப் போனதும் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். அந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கள் கேமே நிஜமாகப் பங்சாருக்குப் போகும்படி இணைத்துவிட்டேன். போன வருடம் அனுப்புவதற்காகக் கால்வின் எழுதி வைத்திருந்த புரோகிராம் வரிகள் பத்திரமாக இருந்தன; அப்படியே எடுத்துப் போட்டேன். நானே அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் கேமில் பாதி அவனுடையது. அவன் கைதான் அழுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். “முழுசா ஒரு தடவ விளையாடு. எனக்காக.”

நான்கு நாற்பதுக்குக் கடைசி அறைக்கு வந்தான்.

“இந்த பட்டன் ரொம்பப் பச்சையா இருக்கு.”

“பச்ச பட்டன் பச்சையாதான்டா இருக்கும்.”

“கொஞ்சம் மாத்திட்டு வரேன்.”

“மாத்திப் பாரு, கைய ஒடைக்கிறேன்.”

எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கினான். ஆற்றினான். குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான்கு ஐம்பத்தைந்து. கேமில் கதவு திறந்தது. ‘எப்ப முடியும்?’ என்றாள் என் மூக்குக்காரி.

மௌஸின் மேல் அவன் விரல் நடுங்கியது. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. பாவம், வெறும் விளையாட்டுப் பொத்தானுக்கே இப்படி நடுங்குகிறானே என்று நினைத்தேன்.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு அழுத்தினான்.

என் போன் அதிர்ந்தது. ‘உங்கள் கேம் கிடைத்தது’ என்று கண்காட்சிக்காரர்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

“டேய், அது நெசமாவே போயிருச்சுடா! திட்டாத. நான்தான் பட்டன்ல…”

“தெரியும்,” என்றான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “நீ போட்டது போன வருஷ அட்ரஸ். அது இப்ப வேலை செய்யாது. நேத்தே மாத்திட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐந்து மணி ஆகும்வரை விடவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் இருந்ததே, அவனை நம்ப முடியாது.