வீரமுத்துவுக்கு ஈடாக ஒரு நாயனக்காரர்

சிங்கப்பூரில் நான் படிக்கும் கல்லூரியின் பந்துக் குழுவில் எல்லாருக்கும் பூட்ஸ் இருக்கிறது. ஆட்டம் மட்டும்தான் இல்லை. ஞாயிறு மாலைகளில் அவர்கள் பந்தைத் துரத்துவதை வேலியோரம் நின்று பார்க்கும்போதெல்லாம், என் மூக்கில் ரப்பர் ஷீட் புகையும் வாசனை வந்து ஏறிக்கொள்ளும்.

சிங்கப்பூருக்கு வடக்கே, ரெங்கம் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருக்கிறது எங்கள் புக்கிட் கெலாடி ரப்பர் தோட்டம். புகைக்கூடத்துக்குப் பின்னால் பந்துத் திடல். கோல் கம்பங்களைக் காட்டில் வெட்டிப் பச்சையாகவே நட்டிருந்தார்கள். மழைக்காலத்தில் வலது பக்கக் கம்பம் துளிர்விடும். அதைக் கிள்ளிவிட்டுத்தான் ஆட்டம் தொடங்கும்.

அந்தத் திடலின் நடுவில் ஆடியவன் வீரமுத்து. காலையில் பால்வெட்டு, மாலையில் பந்து. அவன் மனைவி புஷ்பவள்ளியின் அண்ணன் சதாசிவம் அவனுக்குப் பின்னால் இடது ஹாப் ஆடுவான். சதாசிவம் தலையைத் தூக்கிப் பார்த்துப் பந்தைத் தள்ளியதாக யாரும் கண்டதில்லை. நடுவுக்குத் தள்ளுவான். அங்கே வீரமுத்து இருப்பான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலும் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் மறு வீட்டில் தட்டுச் சத்தம் கேட்கும். பந்து விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த வருடம் சீமையிலிருந்து ஒரு சின்னதுரை வந்து சேர்ந்தார். பெரிய துரைக்கு உதவியாளர். இருபத்து மூன்று வயது, முகமெல்லாம் செம்புள்ளி, நல்ல மனிதர். தமிழ் கற்றுக்கொள்ள முயன்றார்; நாங்கள்தான் அதைத் தாங்கிக்கொண்டோம். பந்து அவருக்கு உயிர். விளையாட்டு விவகாரமெல்லாம் அவர் பொறுப்பில் வந்தது. வந்த வாரமே நடுவில் தாம் நின்றுகொண்டு, வீரமுத்துவை வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டார்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகிறவன் இறங்குவான். குடை பிடித்தவன் மடக்குவான். நடந்து போகிறவன் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பான். இந்தப் பழக்கத்தைத் திடலின் கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. எதிரணிகளெல்லாம் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். சின்னதுரை பந்தோடு வந்தார் என்றால் பேக் ஆடும் இருவரும் மரியாதையாக ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். அவர்களில் ஒருவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். கோல்கீப்பர் மட்டும் என்ன, சுல்தானிடமா வேலை பார்க்கிறான்? அவனும் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்.

சின்னதுரை ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல் போட்டார். தமக்குள் ஒரு பெரிய ஆட்டக்காரன் இத்தனை காலம் ஒளிந்திருந்ததாக அவர் நம்பினார். இருபத்து மூன்று வயதில் யார்தான் நம்பமாட்டார்கள்?

வீரமுத்து சண்டை போடவில்லை, முறையிடவில்லை. தன்னிடம் பந்து வந்தால் அதற்கும் வழிவிட்டான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பந்து கோட்டைத் தாண்டி லாலாங் புல்லுக்குள் போய் மறையும்வரை பணிவாக நின்றான். முறுக்கிக்கொண்ட ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக முறுக்கிக்கொண்டவனைப் பார்த்ததில்லை.

இது செனாய்ப் பக்கம் இருக்கும் கங்கார் நாங்காத் தோட்டத்தின் காதுக்குப் போயிற்று. அந்தத் தோட்டத்துத் துரை ஆளனுப்பினார்: வீரமுத்துவைக் கொடுங்கள், ஈடாக எங்கள் கோல்கீப்பர் செல்லப்பனைத் தருகிறோம். செல்லப்பனுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அவன் நாயனம் வாசிப்பான்.

தோட்டம் இரண்டாகப் பிளந்தது. பிளவின் நடுவில் வாசல் முக்கில் இருந்த முனீர் காக்காவின் தேத்தண்ணீர்க் கடை மாட்டிக்கொண்டது.

அய்யாவு கங்காணிதான் கோயில் திருவிழாவுக்குத் தலைவர். அவர் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"போன வருசம் ஆத்தா எப்படி ஊர்வலம் போனா? மண்ணெண்ணெ டின்ன தட்டிக்கிட்டுல்ல போனோம்! ஆத்தா மொகமே சுண்டிப்போச்சு. செல்லப்பன் வந்தா கோலுக்கும் ஆளாச்சு, கோயிலுக்கும் ஆளாச்சு. ஒரு சோத்துக்கு ரெண்டு வேல!"

"நாயனக்காரனுக்கு மூச்சு கெட்டி, ஒத்துக்கிடுறேன்," என்றார் காக்கா, தேநீரை உயரத் தூக்கி ஆற்றியபடி. "அதுக்காக வர்ற பந்த ஊதியா தடுப்பான், கங்காணி?"

"கை நீளம் காக்கா அவனுக்கு," என்றார் ஸ்டோரில் பால் நிறுக்கும் மணியம். "சும்மா நின்னாலே பாதி கோலு அடைஞ்சிரும்."

"மிச்சப் பாதி?"

"அது வழியாத்தான் பந்து போவும்."

"இப்படிப் பேசுறவன வச்சுக்கிட்டு எப்படி முடிவெடுக்கிறது, கங்காணி? நீ எந்தக் கட்சிடா மணியம்?" என்றார் காக்கா.

"நான் தராசுக்காரன். ரெண்டு பக்கமும் நிறுத்துத்தான் பாப்பேன்."

வெற்றிலை வாங்க வந்திருந்த காளியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாம் நம்பர் காட்டில் பால் வெட்டுகிறவள். ஓர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை.

"ஏன் ஆம்பளைங்களா, யாரத் தள்ளிவிடணும்னு உங்க மனசுக்குத் தெரியாதாக்கும்? சின்னதுரைய அங்க அனுப்பிட்டு ரெண்டு நாயனக்காரனா வாங்கிக்க வேண்டியதுதானே!"

எல்லாரும் ஒரே சமயத்தில் தேநீர் குடித்தார்கள். காக்கா வாசலுக்குப் போய்ச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.

"அலமாக்! மெல்லப் பேசு காளியம்மா. எனக்கு இருக்கிறது இந்த ஒரு கடதான்."

"அப்ப யாராச்சும் அந்தத் துரைகிட்ட சொல்லுங்களேன்."

"என்னன்னு சொல்றது?" என்றார் கங்காணி. "'தொரை, நீங்க போட்ட கோலு ஒண்ணும் கோலு இல்ல'ன்னா? நீ சொல்றியா?"

காளியம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். இனி அவளாலும் பேச முடியாது.

மூலையில் சதாசிவம் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் வீரமுத்து. சதாசிவம்தான் முதலில் பேசினான்.

"எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. இவன் போனா எந் தங்கச்சியும் போயிருவா. நான் பந்த யாருக்குத் தள்ளுறது?"

"சின்னதுரைக்குத் தள்ளு."

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். காலு ஒப்பமாட்டேங்குது, கங்காணி." பிறகு வீரமுத்துவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான். "நெசமாவே போறியா மச்சான்?"

"நடுவுல நிக்கவிட்டா இங்கயே நிக்கிறேன் மச்சான்," என்றான் வீரமுத்து. "ஓரத்துல நின்னு நின்னு, கோட்டுல நட்ட கொடிக்குச்சி நாந்தானோன்னு எனக்கே தோணுது. நேத்து ஒரு குருவி வந்து கிட்ட ஒக்காந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

கங்கார் நாங்காத் துரை விவரமானவர். மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல், முதலில் ஓர் ஆட்டம் ஆடிப் பார்ப்போம் என்றார். வீரமுத்து அவர்கள் பக்கம், செல்லப்பன் எங்கள் பக்கம். பிடித்திருந்தால் மாற்றிக்கொள்வது. சின்னதுரை சரி என்றார். வலது ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம்.

அந்த ஞாயிறு, கங்கார் நாங்கா லாரி வந்து நின்றபோது திடலைச் சுற்றி லயமே கூடிவிட்டது. கம்பத்தின் துளிரைக் கிள்ளினார்கள். விசில் ஒலித்தது. வீரமுத்துவை அவர்கள் நடுவிலேயே நிறுத்தினார்கள். நாங்கள் அவனை எதிரே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை.

சதாசிவம் வழக்கம்போல் தலையைத் தூக்காமல் பந்தைத் தள்ளினான். சின்னதுரை அதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். கங்கார் நாங்கா ஆட்கள் வழக்கம்போல் விலகத் தொடங்கினார்கள். பாதை விரிந்தது. அந்தப் பாதையின் நடுவில் வீரமுத்து நின்றான்.

சின்னதுரை வேகத்தைக் குறைக்கவில்லை. குறைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இந்த நாட்டில் இதுவரை வந்ததில்லை. வீரமுத்து ஒதுங்குவதுபோல் இடது பக்கம் சாய்ந்தான். வெறுங்காலை நீட்டினான். பந்து மட்டும் நின்றுவிட்டது. சின்னதுரை தொடர்ந்து போனார். கொஞ்ச தூரம் போய், காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று கண்டு, புல்லில் உட்கார்ந்தார்.

அத்தனை பேர் கூடிய இடத்தில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. வீரமுத்து அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பந்தோடு எங்கள் கோலை நோக்கிப் போனான். செல்லப்பன் நீளமான கைகளை விரித்தான். மணியம் சொன்ன மிச்சப் பாதி வழியாகப் பந்து உள்ளே போனது. கைதட்டுவதா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றோம்.

சின்னதுரை எழுந்து வந்தார். கோபம் இல்லை, குழப்பம்தான்.

"நீ ஏன் எடுத்தே?"

"பந்துதானே தொரை எடுத்தேன்," என்றான் வீரமுத்து.

"ஒருத்தன்கூட எடுக்கல்லே. நீ எடுத்தே."

வீரமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சின்னதுரை திரும்பிப் பார்த்தார். அவருக்காகத் திறந்துவிட்ட பாதை அப்படியே கிடந்தது. இரண்டு பக்கமும் கங்கார் நாங்கா ஆட்கள் கால்களைச் சேர்த்து நின்றார்கள். ஒருவன் துண்டைக் கக்கத்தில் வைத்திருந்தான். அந்தத் துண்டையே அவர் வெகுநேரம் பார்த்தார். முகத்தில் செம்புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையும் மெல்லச் சிவந்தது. அதுவரை போட்ட கோல்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கிறவர்போல் இருந்தார்.

ஆட்டம் முடியும்வரை அவர் ஆடினார். பந்து எடுத்தபோதெல்லாம் நேரே வீரமுத்துவிடம் போனார். ஒவ்வொரு முறையும் வீரமுத்து வாங்கிக்கொண்டான். அவர் ஆடியதிலேயே உண்மையான ஆட்டம் அன்றைக்குத்தான். நன்றாகவே ஆடினார். பாவம், சுமாராக நன்றாக.

மறுநாள் பெரட்டில், எல்லாரையும் வரிசையில் நிறுத்தி வேலைக்கு ஆள் எடுக்கும்போது, சேதி சொன்னார்கள். வீரமுத்து போகிறான், செல்லப்பன் வருகிறான். சின்னதுரை கோபத்தில் செய்யவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தமக்கு உண்மை சொன்ன ஒரே வெறுங்காலைத் தினமும் விடியற்காலையில் பெரட்டில் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

வீரமுத்துவையும் புஷ்பவள்ளியையும் வழியனுப்பச் செல்லப்பனே நாயனம் வாசித்தான். எங்கள் தோட்டத்தில் அவன் பார்த்த முதல் வேலை அது. அவனுக்கு நன்றாக வந்தது கல்யாண வாசிப்பு ஒன்றுதான். அதனால் கெட்டிமேளத்தோடு பெண் வீட்டை விட்டுப் போவதுபோல, சட்டிபானை, கோழி, பாய் சகிதம் இருவரும் லாரியில் ஏறினார்கள். அய்யாவு கங்காணி கேட்டதெல்லாம் கிடைத்தவர். அவர்தான் அதிகமாக அழுதார்.

சதாசிவம் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான்.

"மீன் கொழம்பு வச்சா சொல்லி அனுப்பு," என்றான்.

"செனாய்லேருந்தா?" என்றாள் புஷ்பவள்ளி.

"வாசனை வரலேன்னாத்தான் சொல்லி அனுப்பணும்."

அடுத்த ஞாயிறு சின்னதுரை திடலுக்கு வந்தார். பிரம்பு நாற்காலி கொண்டுவரச் சொல்லி ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் பந்தைத் தொடவே இல்லை. வீரமுத்து கேட்ட இடம் காலியாகக் கிடந்தது. கேட்டவன் செனாய்ப் பக்கம் இருந்தான். யார் யாரையோ நிறுத்திப் பார்த்தார்கள். சதாசிவம் தலையைத் தூக்காமல் தள்ளிய பந்துகள் நடுத்திடலில் யாரும் இல்லாத இடத்துக்குப் போய், கொஞ்சம் காத்திருந்துவிட்டு நின்றன.

திருவிழாவுக்குப் பிறகு கங்கார் நாங்கா மறுபடி ஆட வந்தது. வீரமுத்து நடுவில் நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். காளியம்மா அவனைப் பார்த்து, "என்னடா, அங்க சோறு அதிகமா, ஓட்டம் கொறச்சலா?" என்று கத்தினாள். அவன் கையைத் தூக்கிச் சிரித்தான். அவன் முறுக்கிக்கொண்டு நின்றதையே பார்த்துப் பழகியிருந்த எங்களுக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது.

ஆட்டம் பாதி போயிருக்கும். பந்து சதாசிவத்திடம் வந்தது. அவன் தலையைத் தூக்கவில்லை. நடுவுக்குத் தள்ளினான். அங்கே, பழைய இடத்தில், பழையபடியே வீரமுத்து இருந்தான். சட்டைதான் வேறு.

வீரமுத்துவும் யோசிக்கவில்லை. பந்து காலில் பட்டதும் திரும்பினான், அடித்தான். செல்லப்பன் தாவிக் குதித்தும் பலனில்லை. கோல். எங்கள் கோல்தான்.

திடலே எழுந்து கத்தியது. எங்கள் ஆட்கள், எங்கள் திடல், எங்கள் தோல்வி. முனீர் காக்கா தோளில் கிடந்த துண்டை வானத்தில் எறிந்தார். அய்யாவு கங்காணி மணியத்தைக் கட்டிப்பிடித்தார். தராசு முழுதாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. முதலில் கைதட்டத் தொடங்கியது பிரம்பு நாற்காலியில் இருந்த சின்னதுரை.

கத்தி ஓய்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. எல்லாரும் சதாசிவத்தைப் பார்த்தார்கள். அவன் குனிந்து காலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு தெரியலயா உனக்கு?" என்றார் கங்காணி, கடமைக்காக.

"காலு பாத்துக்கும்னு விட்டுட்டேன், கங்காணி," என்றான் சதாசிவம்.

அதற்கு மேல் யாரும் அவனைக் கேட்கவில்லை. அன்று மாலை கங்கார் நாங்கா லாரி திரும்பும்போது அதில் ஓர் ஆள் குறைந்தது. வீரமுத்து மறுநாள் காலை ரயிலில் அங்கே வந்து சேர்ந்துவிடுவானாம். சதாசிவம் வீட்டில் மீன் குழம்பு.