ராமாத்தாளின் கட்டைவிரல்

1

இந்தக் கதை எங்கள் சமையலறைச் சுவரிலிருந்து வந்தது. கொழிஞ்சாம்பாறையில், எங்கள் நாட்டுக்குக் கேரளம் என்று பெயர் வந்த மறுவருஷம், அந்தச் சுவரை இடிக்கப் போவதாகப் பக்கத்து வீட்டுச் சென்னியப்பன் சொன்னார். மகள் கல்யாணத்துக்கு முன் மச்சு கட்ட வேண்டும். மண்சுவர் மச்சைத் தாங்காது. ஆனால் எங்கள் கூரையின் ஒரு பக்கமும் அதே சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அவர் இடித்தால் ஆனி மழை நேராக எங்கள் அடுப்பில் விழும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் இளம்பெண் ஒருத்தி துணிச்சலோடு வாசலுக்கு வந்து"

அடித்துவிட்டேன். வாசலுக்கு யாரும் வரவில்லை. பள்ளியை விட்டு நின்றதிலிருந்து நான் கதவுக்குப் பின்னால்தான். அம்மாவும் அங்கிருந்துதான் பேசினாள். இது அம்மாவின் கதை. [அப்படித்தான் நினைத்துத் தொடங்கினேன்.]

2

சென்னியப்பன் பொள்ளாச்சியிலிருந்து ரத்தினசாமி என்ற சர்வேயரைக் கூட்டி வந்தார். அவர் எல்லைக் கல்லிலிருந்து சங்கிலி பிடித்தார். எல்லைக் கோடு, சுவரின் சென்னியப்பன் பக்கத்திலிருந்து சரியாக ஒரு முழம் தள்ளி விழுந்தது. கணக்கு எளிது. சுவர் ஒரு முழக் கனம் என்றால் முழுச் சுவரும் சென்னியப்பன் நிலத்தில் நிற்கிறது. அதற்கு மேல் கனம் இருந்தால் மிச்சம் எங்களுடையது. எங்களைக் கேட்காமல் இடிக்க முடியாது.

"ஒரு மொழந்தானுங்க," என்றார் ரத்தினசாமி, சுவரின் தெருப்பக்க முனையைப் பார்த்து. அந்த முனை மழையில் கரைந்து இளைத்திருந்தது.

"உள்ள அளக்காம எப்படிங்கண்ணா சொல்றது?" என்றாள் அம்மா, சென்னியப்பனிடம். "ரெண்டு ஊடுன்னா ரெண்டு ஆளு வெக்கறதுதான வழக்கம். என் பக்கத்துக்கு நான் ஒரு ஆளு வெக்கறேன்."

"வெச்சுக்க தங்கச்சி. ஆனா மொய்து குமுளியில ஏலக்கா எடை போட்டுட்டு இருக்காரு. அவரு இல்லாதப்ப வேத்து ஆம்பளைய உள்ள உடமாட்டியே. பொம்பள சர்வேயரு எந்தச் சந்தையில கெடைக்குது?" சென்னியப்பன் சிரித்தார்.

[மொய்து என் அத்தா. பெருநாளுக்குத்தான் வருவார். அன்று ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.]

"நானும் எம்மகளும் பிடிக்கிறோம்."

"நீங்க புடிச்சா நீங்க சொல்றதுதான அளவு?"

இந்த இடத்தில் அம்மாவின் மௌனத்தை இரண்டு பக்கம் வருணித்திருந்தேன். கிழித்துவிட்டேன். உண்மையில் அவள் உடனே சொன்னாள்:

"அப்ப என் ஆளு ராமாத்தா."

ராமாத்தாள் சென்னியப்பனின் மனைவி.

3

இவளை எழுதுவதுதான் கஷ்டம். மச்சு வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவளே இவள்தான். மச்சு இல்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்டவளை அம்மா நம்பினாள் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்களா?

"எனக்கு அளக்கத் தெரியாதுங்க்கா."

"பொந்து எங்க இருக்குன்னு தெரியுமில்ல?"

இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே, அவர்கள் வீட்டு மிளகாய்ப் பானைக்குப் பின்னால், சுவரில் ஒரு பொந்து உண்டு. ராமாத்தாள் பானையை நகர்த்தினாள்.

"இதென்னடி பொந்து?" என்றார் சென்னியப்பன்.

"நெருப்பு வாங்கறதுங்க. இத்தன வருசமா அடுப்பு தானாப் பத்திக்கிச்சுன்னு நெனச்சீங்களா?"

* நெருப்பு மட்டுமல்ல, நோன்புக் கஞ்சியும் அந்த வழியாகப் போகும். இந்த வரியை யாரும் சென்னியப்பனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

4

ராமாத்தாள் எங்கள் பக்கம் வந்தாள். ரத்தினசாமி அவர்கள் பக்கமிருந்து ஒரு மூங்கில் குச்சியைப் பொந்தில் நுழைத்து, அதன் முனையைச் சுவரோடு சமமாகப் பிடித்தார். எங்கள் பக்கம் நீண்ட குச்சியில், சுவர் முடியும் இடத்தில் ராமாத்தாள் கட்டைவிரலை வைத்தாள். அப்படியே குச்சியை உருவி, இன்னொரு கையின் முழத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விரல் முழத்தைத் தாண்டி நின்றது. மூவரும் பார்த்தோம்.

கோடு போட, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து நீட்டினேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம். அவ விரலு போதும்."

"வழியில நகந்துட்டா என்னங்க்கா பண்றது?"

"நகந்தா நகரட்டும். நான் ஆளு வெச்சாச்சு. போ."

ராமாத்தாள் குச்சியோடு போனாள். எங்கள் வாசலிலிருந்து தெருவில் இறங்கி அவள் வாசலுக்கு.

5

முதல் முடிவு: விரல் நகர்கிறது. மச்சு எழும்புகிறது. நாங்கள் குடை பிடித்துச் சோறு பொங்குகிறோம்.

இரண்டாவது: நகரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேறு ஊருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். பொந்தை யாரோ மண்ணால்

மூன்றாவது: இரண்டு வீடும் சேர்ந்து செங்கல் சுவர் கட்டுகிறது. இதைப் பெருநாள் அன்று எழுதினேன். அதனால்தான் எல்லோரும் நல்லவர்கள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றிலும் ராமாத்தாளின் விரலை நான்தான் பிடித்து வைத்திருந்தேன். கூரையே போகலாம் என்று தெரிந்தும் அம்மா அதைச் செய்யவில்லை. எனக்குப் போவது வெறும் கதைதான், நான் செய்வேனா?

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ராமாத்தாள் இப்போது தெருவில் வந்துகொண்டிருக்கிறாள். "சீக்கிரம் கொண்டா" என்று சென்னியப்பன் கத்துகிறார். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். கையை மட்டும் நீட்டாதீர்கள். அவளே கொண்டுவந்து கொடுக்கட்டும்.