அவித்த இறாலை அலசிய தண்ணீர்

சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கடதாசியை மடித்தார்.

"விப்ரியோ எண்ட கிருமி. கடல் தண்ணியில இருக்கிறது. முட்டையில வாறதில்லை. இறாலை அவிச்ச பிறகு எதிலயாவது கழுவினனீங்களோ?"

எல்சி ஓம் என்றாள். வேறென்ன சொல்வாள்? மகன் மெல்ரோய் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவித்த இறாலைக் கூடையோடு கொண்டுபோய் இறங்குதுறையில் முக்கி எடுத்தவள் அவள்தானே. சூடு சட்டென்று ஆறும், கோது லேசாகக் கழலும், கடல் உப்பு ஏறினால் ருசியே தனி என்று அவள் தாய்வீட்டில் எல்லோரும் செய்கிற வேலை. பிறகு வெங்காயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துப் பிசைந்தாள். அந்த இறால் திரும்ப அடுப்பைக் காணவேயில்லை. மறுநாள் விடிய பதினொரு பேர் ஆஸ்பத்திரியில், மெல்ரோயும் உட்பட.

"உங்கட பேர் வெளிய வராது. இனி அப்பிடிச் செய்யாதேங்கோ" என்றுவிட்டு அவர் போனார்.

அவள் பேர் எங்கே வரப்போகிறது? பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவின் பேர்தான் நாலு நாளாக ஒழுங்கை முழுக்க நாறிக் கிடக்கிறதே. விருந்துக்கென்று உம்மா முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆசையாக அவித்து அனுப்பிய வட்டிலப்பத்தின் மேல் பழி. அதற்கு முதலில் திரி கொளுத்தியது யார்? ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "முட்டை பழசாயிருக்கும்" என்று வாயை விட்டவள் எல்சிதான். வட்டிலப்பம் விற்றுச் சீவிக்கிற மனுசி. பெருநாளுக்குச் சொல்லிவைத்தவர்கள்கூட வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"விடு எல்சி. சனம் மறந்திடும்" என்றான் புருசன் நிக்கலஸ். அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பின்னேரம் ஆமினா உம்மா படலைக்கு வெளியே நின்றார். கையில் இரண்டு செவ்விளநீர்.

"தம்பிக்கு இப்ப எப்பிடி மகள்?"

"சுகம் உம்மா. உள்ளுக்கு வாங்கோ."

"வேணாம் மகள். இத நான் சீவல்ல, என்ட கை படல்ல. நீங்களே வெட்டிக் குடுங்க." படலைக்கு மேலால் நீட்டினார். "ஒவ்வொரு முட்டையா உடைச்சுப் பாத்துத்தான் போட்ட. எங்கயோ தவறிட்டு போல. மன்னிச்சிக்கங்க."

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னேரக் காற்றுக்கு வாசலுக்கு வாசல் சனம் உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் கதை நின்றது.

இரண்டு இளநீரையும் நெஞ்சோடு அணைத்தபடி, செருப்பும் இல்லாமல், எல்சி படலையைத் திறந்தாள்.

"உம்மா, நில்லுங்கோ" என்றாள், எல்லா வாசலுக்கும் கேட்க.